லீடியா அக்காவின் பெயர்

பலேர்மோ, சீசா
11 பெப்ரவரி 2024

அண்ணா,

ஃபோனில் கதைத்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். போன கிழமை முழுக்க அதுதான் நடந்தது. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் அனுப்புங்கள்.

மிலானோ கம்பெனி அனுப்பிய ஒப்பந்தத்தை வாசித்து முடித்தேன். சிஞ்ஞோரா வீட்டு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது பாதி, மிச்சம் எங்கள் சமையலறையில். நம்முடைய 'ஒந்தா சீசா'வை அவர்கள் முழுசாக விழுங்கப் போகிறார்கள். பெயர்ப்பலகை போகும், பாட்டுகள் போகும், எல்லாம் அவர்களுடைய கம்பெனிக்குள் கரைந்துவிடும். அதற்கு நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு இலங்கைத் தமிழர் சீசாப் பகுதியில் ஒரு கீழ்வீட்டு அறையில், சுவரெல்லாம் முட்டைத்தட்டு ஒட்டி நடத்துகிற லத்தீன் இசைக் கம்பெனியை அவ்வளவு பெரியவர்கள் தேடி வருகிறார்கள் என்றால் எனக்கும் சந்தோசம்தான், புளுகம்தான்.

கடைசி இணைப்பைப் பார்த்தீர்களா? 'பதிவு செய்யப்பட்ட பெயர்கள்' என்று போட்டு இரண்டு பெயர் எழுதியிருக்கிறார்கள். ஒன்று ஒந்தா சீசா. மற்றது லீடியா அக்கா.

அண்ணா, லீடியா அக்கா ஒரு மனுசி. நான் துப்புரவு செய்கிற கட்டடத்தில் நாலாம் மாடிக் கிழவரைப் பராமரித்துக்கொண்டு, உடுப்புக் காயப்போடும்போது பாடிக்கொண்டிருந்த எக்குவடோர்ப் பெண். சொந்தப் பெயர் லீடியா சாம்பிரானோ. அந்தப் பெயர் அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் பாட்டை இணையத்தில் ஏற்றும்போது பாடகியின் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வந்தது. இரண்டாவதை நிரப்பாமல் அது மேலே போக விடவில்லை. நாங்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறோமோ அப்படியே 'அக்கா' என்று அடித்தீர்கள். "பேந்து மாத்தலாம் பிள்ளை" என்றீர்கள். மாற்றுவதற்குள் நடனப் பள்ளிக்காரர் எல்லோரும் 'லீடியா அக்கா' என்று தேடத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மூத்தது நீங்கள். அக்கா என்று கூப்பிட உங்களுக்கு ஆள் இருந்ததில்லை. அதனால் கண்ட பெண்ணையெல்லாம் அக்கா என்பீர்கள் என்று அம்மா பகிடி பண்ணுவா. அந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் போய்விட்டது.

பிறகு நாப்போலியில் ஒருத்தி அதே பெயரில் பாடத் தொடங்கினாள். கணக்கர் சொன்னபடி அந்தப் பெயரைக் கம்பெனியின் பெயரில் பதிந்தோம். லீடியா அக்காவைக் காப்பாற்றத்தான் பதிந்தோம். இப்போது நான் இந்த விற்பனையில் கையெழுத்து வைத்தால், மிலானோக்காரர் விட்டால்தான் அவர் தன்னுடைய பெயரில் மேடை ஏற முடியும். நாற்பத்தாறு வயதில் இன்னொரு பெயரை வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கம்பெனியில் பாதி உங்களுடையது, பாதி என்னுடையது. அந்தப் பெயரை எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள், கையெழுத்து வைக்கிறேன். எடுக்காவிட்டால் வைக்கமாட்டேன். இதில் கதைத்துத் தீர்க்க ஒன்றும் இல்லை.

கேசினி


மிலானோ
15 பெப்ரவரி

தங்கச்சி,

வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம், இரண்டாம் தரம் இன்னும் கோபம். சிநேகிதன் பிறின்ஸ் வீட்டு வரவேற்பறையில் படுத்துக்கிடந்து ஃபோனில் ஒற்றை விரலால் இதை அடிக்கிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள். நீதான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின ஆள்.

நீ எழுதியதைப் பார்த்தால் லீடியா அக்காவைக் கண்டுபிடித்தது நீயும் உன் மாடிப்படியும். மைக்கைக் கையில் கொடுத்தது யார்? பிரான்காச்சோ மண்டபத்தை மறந்துவிட்டாயா? ஞானாம்பிகை அன்ரியின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும் எக்குவடோர்க்காரப் பிள்ளை ஒன்றின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கும் ஒரே சனிக்கிழமையை அந்த மண்டபக்காரன் விற்றுவைத்திருந்தான். இரண்டு பக்கத்து மாமன்மாரும் வாசலில் கொழுவிக்கொண்டு நின்றார்கள். நான்தான் நடுவில் புகுந்து, பகலில் எங்களுடையது, பொழுதுபட அவர்களுடையது என்று பிரித்துவிட்டேன். அவர்களுடைய ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. என் பெட்டிகளை இறக்காமல் அப்படியே விட்டேன். அந்த மேடையில், எங்கள் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் அவ பாடினா. வீட்டுக்குப் போக வெளிக்கிட்ட எங்கடை சனம் திரும்பி வந்தது. ஞானாம்பிகை அன்ரி செருப்பைக் கழற்றிப்போட்டு ஆடினா. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, இதில் ஒரு தொழில் இருக்கிறதென்று.

அதன் பிறகு யார் ஓடினது? நடனப் பள்ளிகளுக்கு நடந்து போய்ப் பாட்டுக் கொடுத்தது நான். துறைமுகத்தில் நிற்கிற உல்லாசக் கப்பல்களின் நடனக்காரரைப் பிடித்தது நான். ஜெனோவாவில் எக்குவடோர்ச் சனம் நிறைய என்று கேள்விப்பட்டு, கப்பலில் பெட்டி ஏற்றுகிறவர்களின் கையில் பாட்டைக் கொடுத்துவிட்டது நான். நீ ஸ்பானிய மொழி படித்தாய், ஒப்பந்தம் எழுதினாய், பாடகருக்கு ஒழுங்காகக் காசு போனதா என்று பார்த்தாய். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு காலமும் பகலில் துறைமுகத்தில் சாமான் இறக்கி, பொழுதுபட வந்து பதிவு செய்தது இந்த முதுகு. டொக்டர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். அண்ணிக்கு ஆகஸ்டில் அடுத்தது பிறக்கப் போகிறது. மூத்தவள் யோகினியை நான் தூக்குவதை நிற்பாட்டி எத்தனை மாதம்?

இவர்கள் எனக்கு வேலை தருகிறார்கள், கேசினி. லத்தீன் பிரிவின் ஒலிப்பதிவுக்குப் பொறுப்பு. கதிரையில் இருந்து செய்கிற வேலை. கழுத்தில் என் படம் போட்ட அட்டை தொங்கும். பலேர்மோவில் வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்கு யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

பெயர் ஒரு சின்ன விஷயம். அவர்கள் லீடியா அக்காவைப் பாடவேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அவவைப் பாட வைக்கத்தானே வாங்குகிறார்கள்? தயவுசெய்து கையெழுத்து வை.

அண்ணா


பலேர்மோ
19 பெப்ரவரி

அண்ணா,

உங்கள் முதுகை நான் மறக்கவில்லை. அதைச் சொல்லி என்னை அழவைக்கலாம். கையெழுத்துப் போடவைக்க முடியாது.

லீடியா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொன்னதுதான். அவருடைய பெயர், அவருக்குத் தெரிய வேண்டும். கிழவருக்குச் சூப் கொடுத்துக்கொண்டிருந்தார். கரண்டியை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"உண்மையைச் சொல்லு கேசினி, அக்கா எண்டால் என்ன?"

நான் திடுக்கிட்டுவிட்டேன். இவ்வளவு காலமும் அவர் அதை சிஞ்ஞோரா என்பது மாதிரி மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்களும் சொன்னதில்லை. எங்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை. மூத்த சகோதரி என்று சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப உன்ரை அண்ணன் என்னை முதல் நாளிலை இருந்தே அப்பிடியோ கூப்பிட்டவன்?"

"ஓம்."

"அவன் என்னோடை ஒருக்காச் சண்டை பிடிச்சான் தெரியுமோ, தாளம் பிழையெண்டு. அப்பவும் அக்கா எண்டுதான் கத்தினவன்."

பிறகு கிழவரின் வாயைத் துடைத்துவிட்டார். உங்களில் ஒரு கோபமும் இல்லை அவருக்கு. அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் கொஞ்சம் உங்கள் பக்கம் கதைத்திருப்பேன்.

கேசினி


மிலானோ
26 பெப்ரவரி

தங்கச்சி,

நீ அனுப்பியதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதத் தொடங்கி அழித்தேன்.

போன வெள்ளிக்கிழமை அவர்களுடைய கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக் கட்டடம். பிறின்ஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன், தோளில் சரியாக நிற்கவில்லை. வழக்கறிஞர் கோல்லி என்று ஒருவர், நல்ல மரியாதை, பட்டம் படித்தவர்களைக் கூப்பிடுகிற மாதிரி என்னை 'தொத்தோரே' என்று கூப்பிட்டார். நான் எங்கே படித்தேன் என்று அந்த மனிசனுக்குத் தெரியாது. மேசையைச் சுற்றி ஆறேழு பேர். அவர்கள் கதைக்கும்போது, கேட்கிறேன் என்று காட்ட நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே இருந்தேன், எங்கள் பழக்கத்தில். கோல்லி பாதியில் நிறுத்தி, "ஏன், உங்களுக்கு இதில் சம்மதம் இல்லையா?" என்று கேட்டார். நான் சம்மதம் என்பதற்குத்தான் ஆட்டுகிறேன் என்றேன். பிறகு கழுத்தை அசைக்காமல் இருந்ததில் பிடரி பிடித்துவிட்டது.

ஒலிப்பதிவு அறையைக் காட்டினார்கள். கேசினி, நீ பார்க்க வேண்டும். கதவைச் சாத்தினால் உன் மூச்சு உனக்குக் கேட்கும். எங்கள் அறையில் மேல்வீட்டுக்காரி கதிரை இழுத்தால் மூன்று பாட்டுத் திரும்பப் பதிய வேண்டும். நான் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன். முதுகு நோகவில்லை.

அடுத்த வருடத் திட்டம் என்று திரையில் ஏதோ காட்டினார்கள். சிலது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. அது இப்போதைக்கு வெறும் யோசனை என்று சொன்னார்கள், மாறும்.

லீடியா அக்காவிடம் நான் நேரில் வந்து கதைப்பேன் என்று சொல். அந்தத் தாளம் பிழைதான், அதையும் சொல்.

ஏப்ரல் தொடக்கத்தில் கையெழுத்து நாள். அதற்குமேல் காத்திருக்கமாட்டோம் என்கிறார்கள்.

அண்ணா


பலேர்மோ
29 பெப்ரவரி

அண்ணா,

திரையில் என்ன காட்டினார்கள்?

நீங்கள் பிடரி பிடித்ததைப் பத்து வரி எழுதுவீர்கள். பிடிக்காத ஒன்றை 'ஏதோ' என்று எழுதினால் எனக்கு விளங்காதா? சின்ன வயதில் அப்பாவின் ரேடியோவை உடைத்துவிட்டு 'ஏதோ சத்தம் கேட்டது' என்று சொன்ன ஆள் நீங்கள்.

இன்னொரு விஷயம். தொழிலாளர் சங்கத்தின் இலவச வழக்கறிஞரிடம் போனேன். வரிசையில் ராமென் நின்றான், எங்களுக்குக் கிட்டார் வாசிக்கிற மொரிசியஸ்காரன், வீட்டு வாடகைப் பிரச்சினைக்கு வந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டு, தன் முறையை எனக்கு விட்டுத் தந்தான். அந்த வழக்கறிஞர் பெண் சொன்னது இதுதான்: விற்பனை முடியும்வரை பெயர் ஒந்தா சீசாவின் சொத்து. ஒந்தா சீசா என்றால் நாங்கள் இருவர். இருவரும் கையெழுத்து வைத்தால் அந்தப் பெயரை லீடியா சாம்பிரானோவின் சொந்தப் பெயருக்கு மாற்றலாம். ஒரு பக்கக் கடிதம். ஆனால் விற்பனைக்கு முதல் நடக்க வேண்டும். விற்ற பிறகு எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

ஆக, விற்க உங்களுக்கு என் கையெழுத்து வேண்டும். பெயரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். நான் வைக்காமல் இருந்தால் உங்கள் வேலை போகும். நீங்கள் வைக்காமல் இருந்தால் அவருடைய பெயர் போகும். நல்ல கரைச்சலில் மாட்டியிருக்கிறோம்.

கோல்லி எனக்கும் ஃபோன் எடுத்தார். நான் மிகவும் அழகாக இத்தாலியன் கதைக்கிறேனாம். பத்தொன்பது வருடமாக இங்கே நிலம் துடைக்கிறேன், வேறு என்ன மொழியில் துடைப்பேன் என்று கேட்டேன். அதற்குமேல் அவர் புகழவில்லை.

திரையில் என்ன காட்டினார்கள் அண்ணா?

கேசினி


மிலானோ
9 மார்ச்

தங்கச்சி,

ஒரு பெண்ணின் படம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். நல்ல வடிவான பிள்ளை. படத்துக்குக் கீழே 'லீடியா அக்கா' என்று எழுதியிருந்தது.

நான் முதலில் படம் மாறிவிட்டதென்று நினைத்தேன். பிழையாகப் போட்டுவிட்டீர்கள் என்று சொல்லவும் வாய் திறந்தேன். இல்லையாம். அந்தப் பெயரில் இனி வருகிற பாட்டுகளுக்கு இளம் முகம் வேண்டுமாம். பழைய பாட்டுகள் அப்படியே இருக்குமாம், அந்த அம்மாவுக்கும் 'பொருத்தமான ஒரு இடம்' தருவார்களாம். பெயர்தான் சந்தையில் போகிறது, ஆள் முக்கியம் இல்லை என்று ஒருத்தன் சிரித்துக்கொண்டு சொன்னான். நான் தலையை ஆட்டவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த அறையைக் காட்டினார்கள், நான் போய் அந்தக் கதிரையில் இருந்தேன்.

உனக்கு எழுதாததற்குக் காரணம் தெரியும்தானே? எழுதினால் நீ இன்னும் இறுக்கிப் பிடிப்பாய், எனக்கு அந்த வேலை வேண்டும். இப்போதும் வேண்டும். நித்திரை இல்லாமல் கிடக்கிறேன். அண்ணியிடம் கேட்டேன். "எனக்கு மிலானோ வேண்டாம், அட்டையும் வேண்டாம், உங்கடை முதுகு வேணும்" என்றாள். அதற்கு எந்தப் பக்கம் அர்த்தம் எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர்களிடம் பெயரை விடச் சொல்லிக் கேட்டால் எல்லாமே குழம்பும் கேசினி. எனக்கு அந்தரமாக இருக்கிறது. கொஞ்சம் நாள் கொடு.

அண்ணா


பலேர்மோ
24 மார்ச்

அண்ணா,

நாள் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு கூரியரில் ஒரு உறையும் வருகிறது. அதில் இரண்டு கடதாசி இருக்கின்றன. ஒன்று விற்பனை ஒப்பந்தம். மற்றது லீடியா அக்காவின் பெயரை அவருக்கே மாற்றிக் கொடுக்கிற கடிதம். இரண்டிலும் நான் கையெழுத்து வைத்துவிட்டேன்.

திரும்பவும் வாசியுங்கள். இரண்டிலும்.

முதலாவதை மட்டும் கொடுத்தால் உங்கள் வேலை உங்களுக்கு. யாரும் உங்களை மறிக்க முடியாது, என் கையெழுத்து இருக்கிறது. இரண்டாவதை முதலில் வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கோல்லி எழும்பிப் போகலாம்.

எனக்கு என்ன விசரா, பைத்தியமா என்று அண்ணி கேட்டா. நான் உங்களோடு இழுபட்டு வெல்லலாம். கையெழுத்தை இறுக்கிப் பிடித்தால் ஏப்ரல் வரும், அவர்கள் போவார்கள், நான் வென்றதாக இருக்கும். பிறகு ஒவ்வொரு தரமும் நீங்கள் துறைமுகத்தால் குனிந்துகொண்டு வரும்போது அது என்னால் என்று இருக்கும். அப்படி ஒரு வெற்றி எனக்கு வேண்டாம்.

இது லீடியா அக்காவின் யோசனையும்தான். நீங்கள் எழுதிய படத்து விஷயத்தை அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள், நல்லாகப் பாடுவாளா என்று கேட்டார். வயதைக் கேட்டுவிட்டு, பாவம் என்றார். பிறகு சொன்னார்:

"நான் அவனிட்டைப் பெயர் கேக்கேல்லை. அவன் தானாத் தந்தவன். வைச்சிருக்கிறதோ எடுக்கிறதோ எண்டு அவனே சொல்லட்டும். நீ குறுக்கை நில்லாதை."

உங்களில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அவ்வளவு இல்லை, உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கதிரையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கே ஆசை வந்தது. ஆனாலும் கையெழுத்து வைத்தேன். நான் கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்: நீங்கள் எதைச் செய்தாலும் நான் உங்கள் தங்கச்சிதான். நீங்கள் முதலாவதை மட்டும் கொடுத்தால், கொஞ்ச நாள் உங்களோடு கதைக்கமாட்டேன், அவ்வளவுதான்.

கேசினி


மிலானோ
4 ஏப்ரல்

பிள்ளை,

முடிந்தது. நீ எப்படி என்று கேட்பாய், ஒழுங்காகச் சொல்கிறேன்.

உறை வந்த அன்று உன்னைக் கண்டபடி பேசினேன். பிறின்ஸ் சாட்சி. சண்டை பிடிக்கிற தங்கச்சியைச் சமாளிக்கலாம். இரண்டிலும் கையெழுத்து வைத்து அனுப்புகிறவளை என்ன செய்கிறது? கந்தோருக்குப் போகும்வரை எனக்கே தெரியாது எதை எடுக்கப் போகிறேன் என்று. மெய்யாகத்தான்.

மேசையில் கோல்லி பேனாவைத் திறந்து என் பக்கம் வைத்தார். நான் இரண்டாவது கடதாசியை எடுத்து, அவருக்கு முன்னால் என் கையெழுத்தையும் வைத்து, அவர் பக்கம் தள்ளினேன். பெயர் இனி லீடியா சாம்பிரானோவுடையது, மிச்சத்தை வாங்க விருப்பம் என்றால் வாங்குங்கள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தொத்தோரே, இது ஒரு சொல்தானே? நீங்களே கற்பனை செய்த சொல்தானே?" என்றார். அவர் அதை நான் கண்டுபிடித்ததென்று நினைத்திருக்கிறார். அர்த்தத்தைச் சொல்லப் பார்த்தேன். இத்தாலியனில் சகோதரி என்றால் மூத்ததும் ஒன்றுதான் இளையதும் ஒன்றுதான். மூத்த சகோதரி என்று சொன்னால் கன்னியர்மடத்துத் தலைவி மாதிரிக் கேட்டது, இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது எனக்கு வந்ததைச் சொன்னேன். சீசா மீன்கடையில் நின்று நான் அக்கா என்று ஒருக்காக் கூப்பிட்டால் அரைவாசிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் யாரை வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். எனக்கு ஆகஸ்டில் இன்னொரு பிள்ளை பிறக்கும், என் மூத்தவள் அன்றைக்கு அக்கா ஆகிவிடுவாள், அவள் உங்களிடம் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டுமோ என்றும் கேட்டேன். இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உனக்குத் தெரியும்தானே என் குரல்.

அவர்கள் வெளியே போய் நெடுநேரம் கதைத்துவிட்டு வந்தார்கள். ஒந்தா சீசாவை எடுக்கிறார்கள். பதிந்த பாட்டுகள் எல்லாம் அவர்களுக்கு, விலையைக் குறைத்துவிட்டார்கள், அதுவும் நியாயம்தான். பழைய பாட்டுகளில் பாடகி பெயர் அப்படியே இருக்கும். இனிமேல் அந்தப் பெயரில் யார் பாடுவதென்பது லீடியா அக்காவின் விருப்பம். எனக்குத் தருவதாகச் சொன்ன வேலை இனி இல்லை என்றார்கள். அந்தப் பிரிவே அந்தப் பெயரை நம்பித்தான் போட்டதாம். கடைசியாக, நானும் நீயும் இரண்டு வருடத்துக்கு லத்தீன் இசைக் கம்பெனி எதுவும் சொந்தமாக நடத்தக்கூடாது என்று ஒரு பந்தி சேர்த்தார்கள். உனக்கு ஃபோன் எடுத்துக் கேட்டார்கள், நீ ஓம் என்றாயாம். நானும் கையெழுத்து வைத்துவிட்டேன்.

எட்டு வருட உழைப்பு. ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில் அவர்களுடையதாகிவிட்டது. லிஃப்டில் இறங்கும்போது அழுதேன். பெருமையில் அழுததென்று நினைக்காதே, அந்தக் கதிரைக்காக அழுதேன். லீடியா அக்காவுக்கு அதைச் சொல்லாதே.

துறைமுகத்தில் எங்கள் மேற்பார்வையாளர் பவுலுக்கு ஃபோன் எடுத்தேன். திங்கட்கிழமை வரலாம் என்றான். பாரம் குறைந்த இடம் ஒன்று தரப் பார்ப்பானாம். ஜெனோவாவால் கப்பலில் வாறன். ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்வேன். அண்ணியிடம் நானே சொல்கிறேன், நீ முந்திவிடாதே.

அண்ணா


பலேர்மோ
5 ஏப்ரல்

அண்ணா,

முந்திவிட்டேன். அண்ணி ஃபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தா, நான் என்ன செய்யிறது? அவ யோகினியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா வாறாராம்" என்று மட்டும் சொன்னா.

நேற்றே லீடியா அக்காவிடம் உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்துச் சொல்லச் சொன்னார். மீன்கடை வந்த இடத்தில் சிரித்தார். லிஃப்டை நான் வாசிக்கவில்லை. நான் அந்த இடத்தில் தாண்டியதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கேட்கவில்லை. கிழவரின் மகளிடம் லீவு கேட்டு, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, "எழும்பு, வெளிக்கிடு" என்றார். எங்கே என்று கேட்டேன். சங்கத்து வழக்கறிஞரிடம்.

அண்ணா, அந்தக் கடைசிப் பந்தியை அந்தப் பெண் எங்களுக்கு மெல்ல வாசித்துக் காட்டினார். நீங்களும் நானும் இரண்டு வருடம் சொந்தமாக நடத்தக்கூடாது. சரி. வேலை செய்யக்கூடாதென்று அதில் ஓரிடத்திலும் இல்லை. லீடியா சாம்பிரானோ எதையும் நடத்தக்கூடாதென்றும் இல்லை. அவர் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைத்த ஆள் இல்லையே.

அக்கா இன்றைக்குக் காலையில் தன் பெயரில் ஒரு கம்பெனி பதிந்துவிட்டார். பாடகி அவர். முதலாளியும் அவர். ராமென் கிட்டாரோடு வருகிறான். ஒப்பந்தங்களுக்கும் கணக்குக்கும் அரைநாள் வேலைக்கு நான் சேர்ந்துவிட்டேன், மிச்ச அரைநாள் சிஞ்ஞோரா வீடுதான். ஒலிப்பதிவுக்கு ஆள் இன்னும் எடுக்கவில்லை. அக்கா ஒரு கதிரை வாங்கியிருக்கிறார். பழையதுதான், முதுகுக்கு நல்ல சாய்வு. கடையில் மூன்று தரம் இருந்து பார்த்துத்தான் எடுத்தார். ஆரம்பத்தில் சம்பளம் கொஞ்சமாகத்தான் இருக்கும், அதனால் பவுலிடம் பாரம் குறைந்த இடத்தைக் கேட்டுவையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

வேலை உங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், அதில் ஒருவன் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தால் நேரே இஞ்சை வாங்கோ. முதலாளி தானே நேரில் கேள்வி கேட்கிறாவாம், சரியான கண்டிப்பு. பிந்தினால் எடுக்கமாட்டா.

கேசினி